சும்மா இருக்க வேண்டிய மாங்காய்

காற்றாலை ஒன்றை வெளியே எடுத்துப் போகக் கேட் பாஸ் வாங்கியவன் எங்கள் கம்பெனியில் நான் ஒருவன்தான். ‘பொருள்: காற்றாலை. எண்ணிக்கை: ஒன்று. திருப்பித் தர வேண்டியதில்லை’ என்று அதில் எழுதியிருந்தது. கேட்டில் இருந்த செக்யூரிட்டி பாஸைத் திருப்பித் திருப்பிப் படித்தார். என் பைக்கின் பின்சீட்டில் கயிறு போட்டுக் கட்டியிருந்ததை ஒரு சுற்று சுற்றிவந்து பார்த்தார்.

"இதென்னா சார், ரூஃப்ல இருந்து கழட்டினதா?"

"இல்லைங்க, பாப்பாவுக்கு ஸ்கூல் ப்ராஜெக்ட்."

"இன்ஜினியரிங் படிக்குதா?"

"ஆறாவது போவுது."

அவர் கேட்டைத் திறந்துவிட்டார்.

அது இரண்டு வருஷத்துக்கு முந்தைய மே மாதம். ஓசூரில் அப்பா ஒரு ஷிஃப்ட், அம்மா ஒரு ஷிஃப்ட் என்று ஓடுகிற வீடுகள்தான் அதிகம். மே மாதம் முழுக்கப் பிள்ளையை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டுப் போக முடியாது. அதனால் மகள் படிக்கிற பள்ளிக்கூடத்தில் காலை நேரத்தில் கோடை வகுப்பு நடத்துவார்கள். கொஞ்சம் பாட்டு, கொஞ்சம் செஸ், கொஞ்சம் இங்கிலீஷ், கடைசி நாளில் ப்ராஜெக்ட் கண்காட்சி. தலைப்பு டீச்சர் கொடுப்பார். அந்த வருஷம் வகுப்புக்கே ஒரே தலைப்பு, காற்றாலை. அறிவியல் மிஸ் மனதில் வைத்திருந்தது கலர் பேப்பரும் விளக்குமாற்றுக் குச்சியும்தான் என்பது பின்னால் தெரிந்தது. முன்னால் தெரிந்திருந்தாலும் பிரயோஜனம் இருந்திருக்காது. எங்கள் ஊரில் பிள்ளைக்கு ஒரு ப்ராஜெக்ட் கொடுத்தால் அது அன்று சாயங்காலத்துக்குள் ஏதாவது ஒரு கம்பெனியின் டூல் ரூமுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

நான் வண்டி உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனில் இருக்கிறேன். செய்து முடித்த சாமானை டிராயிங்கோடு ஒப்பிட்டுப் பார்த்து, நல்லதைப் பெட்டிக்கு அனுப்பி, கெட்டதைச் சிவப்புத் தொட்டியில் போட வேண்டும். ஒன்பதாவது பாதியில் படிப்பை விட்டுவிட்டு ஹெல்ப்பராகச் சேர்ந்தவன் அந்த மேசை வரைக்கும் வந்ததற்கு என் கவலை ஒன்றுதான் காரணம். கேஸை மூடினோமா என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி வந்து பார்க்கிறவனை வீட்டில் திட்டுவார்கள். இன்ஸ்பெக்‌ஷனில் அதே ஆளுக்கு இன்கிரிமென்ட் கொடுப்பார்கள்.

கம்பெனியில் ஒவ்வொரு மிஷினையும் சுற்றித் தரையில் ஒரு மஞ்சள் கோடு போட்டிருப்பார்கள். அந்த மிஷினை ஓட்டுகிறவரைத் தவிர வேறு யாரும் கோட்டுக்குள் போகக் கூடாது. ‘தொடாதே’ போர்டெல்லாம் இன்ஸ்பெக்‌ஷன்காரனுக்குப் பொருந்தாது, தொட்டுப் பார்ப்பதுதான் எங்கள் வேலை. ஆனால் மஞ்சள் கோடு மேனேஜர் உட்பட எல்லோருக்கும். ஒருமுறை ஃபேன் காற்றில் என் தொப்பி பறந்து கோட்டுக்கு அந்தப் பக்கம், கை எட்டுகிற தூரத்தில் விழுந்தது. ஆபரேட்டர் சாப்பிட்டுவிட்டு வரும்வரை வெறும் தலையோடு நின்றேன். வீட்டில் யாராவது விருந்தாளி வந்தால் என் மனைவி சொல்லிச் சிரிப்பதற்கு வைத்திருக்கும் கதை இது.

காற்றாலை என்றதும் எனக்கு வந்த முதல் கவலை, கண்காட்சி அன்று காற்றடித்தால் அது பறந்துவிடுமே என்பது. டூல் ரூமில் இருக்கும் நண்பரிடம் சொன்னேன். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர்.

"பறக்கப்பிடாது, அவ்வளவுதான அண்ணாச்சி? விடுங்க, நான் பாத்துக்கிடுதேன்."

அவர் பார்த்துக்கொண்டார். கழிவு அலுமினியத்தில் இறக்கை, ரிஜெக்ட் ஆன பேரிங் இரண்டு, அடியில் கனமான இரும்புத் தட்டு. பறப்பது இருக்கட்டும், அது நகரவே இல்லை. பள்ளிக்கூட வாசலிலிருந்து ஹால் வரைக்கும் நானும் வாட்ச்மேனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, நடுவில் ஒரு தடவை கீழே வைத்து மூச்சு வாங்கிக்கொண்டு தூக்கிப் போனோம்.

உள்ளே போனால் அங்கே ஒரு தொழிற்பேட்டையே நின்றுகொண்டிருந்தது. பெயின்ட் ஷாப்பில் வேலை பார்க்கும் அப்பாவின் காற்றாலை புது பைக்கின் டாங்க் மாதிரி மின்னியது. எலக்ட்ரிகல் அப்பாவினுடையது யாரும் தொடாமலே சுற்றி, விளக்கெரித்து, கடைசியில் நிறுத்த வழியில்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. தினமும் பெங்களூருக்குப் போய்வருகிற கம்ப்யூட்டர் அப்பா ஒருவர் மட்டும் நெட்டில் வாங்கிய அட்டைக் காற்றாலையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு சுவரோரமாக நின்றார். பிள்ளைகள் அவரவர் அப்பாவின் கம்பெனிக்குப் பக்கத்தில் நின்று இங்கிலீஷில் ஒப்பித்தார்கள்.

சிறப்பு விருந்தினராக வந்தவர் என் மகளிடம் குனிந்து, "எல்லாம் நீயே பண்ணியாம்மா?" என்று கேட்டார்.

"இல்ல சார். அப்பாவோட ஃப்ரெண்ட் பண்ணாரு. கேட் பாஸ்கூட இருக்கு."

அன்று ராத்திரி சாப்பிடும்போது சொன்னாள். "அது எப்படிச் சுத்துதுன்னே எனக்குத் தெரியாதுப்பா. காலையில இருந்து அதுக்குச் செக்யூரிட்டி மாதிரி நின்னுட்டு வந்தேன்."

அடுத்த மே மாதம் கோடை வகுப்பு ஆரம்பிக்கும் முன் பெற்றோரைக் கூப்பிட்டுக் கூட்டம் போட்டார்கள். ப்ராஜெக்ட்டுக்கு இந்தத் தடவை டீச்சர்கள் தலைப்பே கொடுக்கப் போவதில்லை, என்ன செய்வது, எப்படிச் செய்வது எல்லாம் பிள்ளைகளே முடிவு பண்ணட்டும் என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ். ஹாலில் சலசலப்பு.

"அப்ப டீச்சருங்க என்னா பண்ணுவாங்க?" என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"எம் பையன்கிட்ட விட்டா தூங்கறதைத்தான் மேடம் ப்ராஜெக்டா பண்ணுவான்" என்றார் ஓர் அம்மா.

"பண்ணட்டும்மா. தூக்கத்தைப் பத்தி அவனுக்கு என்ன தெரியணுமோ அதைத் தெரிஞ்சுக்கிட்டு வரட்டும்" என்றார் அறிவியல் மிஸ். இந்த யோசனையே அவருடையதுதான் போலிருக்கிறது. ஹெட்மிஸ்ட்ரஸுக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"இது ஒரு ட்ரயல்தான்" என்றார் அவர். "பெத்தவங்க கை படாம கண்காட்சி வரைக்கும் வந்துடுச்சுன்னா, அடுத்த வருஷமும் பிள்ளைங்க இஷ்டம். எங்கயாவது கை பட்டுச்சுன்னு தெரிஞ்சா, அதோட விட்டுடுவோம். தலைப்பும் நாங்களே குடுப்போம், அச்சடிச்ச படமும் நாங்களே குடுப்போம். பிள்ளைங்க கலர் அடிச்சா போதும்."

சொல்லும்போது அவர் என்னைத்தான் பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகளும் என்னைத்தான் பார்த்தாள். "கேட்டுச்சாப்பா?" என்றாள்.

கேட்டது. ஆனால் எனக்கு அது சரியாகப் படவில்லை. டிராயிங் இல்லாமல் எங்கள் கம்பெனியில் ஒரு ஆணியைக்கூட அடிக்க மாட்டார்கள். நான் படித்த கொஞ்ச காலத்திலும் போர்டில் இருப்பதைப் பார்த்து எழுதினால் சரி, பார்க்காமல் எழுதினால் தப்பு. தலைப்பே இல்லாமல் பிள்ளை என்னத்தைச் செய்யும், செய்ததைச் சரியென்றும் தப்பென்றும் எதை வைத்துச் சொல்வது? கூட்டம் முடிந்ததும் மிஸ்ஸை வராந்தாவில் பிடித்தேன்.

"மேடம், எல்லாருக்கும் வேணாம். எனக்கு மட்டும் ஒரே ஒரு டாபிக் ரகசியமாச் சொல்லிடுங்க. நானா பாப்பாகிட்ட சொல்ற மாதிரி சொல்லிக்கிறேன்."

"உங்க பாப்பா உங்களுக்கு முன்னாடியே என்கிட்ட வந்துடுச்சுங்க சார். ‘அப்பா வந்து கேப்பாரு, குடுத்துடாதீங்க’ன்னு சொல்லிட்டுப் போயிருக்கு."

மகள் அடுத்த சில நாள் கட்டிலில் மல்லாந்து படுத்து ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டால் யோசிக்கிறேன் என்றாள். நானும் பக்கத்தில் நின்று யோசித்தேன். மழைநீர் சேகரிப்பு என்றேன். சூரியக் குடும்பம் என்றேன். எரிமலை ஓசூரில் ரெடிமேடாகவே கிடைக்கிறது என்றேன். "அப்பா, லைட்டை மறைக்காதீங்க" என்றாள். வகுப்பில் மற்ற பிள்ளைகள் எல்லாம் ஆரம்பித்திருப்பார்கள், இவள் மட்டும் வெறுங்கையோடு போய் நிற்பாள், அதோடு போகாமல் ‘ட்ரயல் தோற்றதற்கு இந்தப் பெண்தான் காரணம்’ என்று சொல்லிவிடுவார்கள் என்றெல்லாம் நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி என் தட்டை எடுத்துப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை வேப்பனப்பள்ளிக்குப் போனோம். என் மனைவியின் அண்ணனுக்கு அங்கே மாந்தோப்பு. செந்தூரா மாங்காய் அறுப்பு நடந்துகொண்டிருந்தது. அந்த வீட்டில் எல்லோரும் தெலுங்கில் பேசுவார்கள், சண்டை போடும்போது நான் இருந்தால் எனக்காகத் தமிழுக்கு மாறுவார்கள். அன்றைய சண்டை மாங்காயை எதில் வைத்தால் சீக்கிரம் பழுக்கும் என்பது. வைக்கோல்தான் என்றார் மச்சான். அரிசி டிரம்தான் என்றார் அவர் மனைவி. என் மனைவி நியூஸ் பேப்பர் என்றாள்.

"நீ ஓசூருக்குப் போயி பேப்பர்காரியா ஆயிட்ட" என்றார் மச்சான்.

"உனக்கென்னண்ணா தெரியும், மரத்துல இருந்து பறிக்கறதோட உன் வேலை முடிஞ்சுது. பழுக்க வெக்கறது நாங்க."

மகள் வாயில் மாங்காய்க் கீற்றோடு மூன்று பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். "வருஷா வருஷம் இதே சண்டைதானே போடறீங்க? யாராவது வெச்சுப் பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

யாரும் வைத்துப் பார்க்கவில்லை. இத்தனை வருஷமாக அவரவர் பக்கத்தை அவரவர் நம்பியதோடு சரி. ஊர் திரும்பும்போது அவள் மடியில் ஒரு பை மாங்காய் இருந்தது. ஒரே மரத்தில், ஒரே நாளில், அவள் முன்னாலேயே மச்சான் பறித்துக் கொடுத்தவை.

சமையலறைக் கதவுக்குப் பின்னால் அவளே இடம் பிடித்தாள். வைக்கோலில் இரண்டு, அரிசியில் இரண்டு, பேப்பரில் சுற்றி இரண்டு. மிச்சமிருந்த இரண்டை ஒரு தட்டில் அப்படியே வைத்தாள்.

"இது எதுக்கு பாப்பா?"

"இதை ஒண்ணும் பண்ணக் கூடாதுப்பா. சும்மாவே இருக்கணும்."

எதற்கென்று முழுசாகக் கேட்டிருக்கலாம். கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது, ஓடிவிட்டேன். ஒன்றும் செய்யாமல் இரண்டு மாங்காய் தட்டில் உட்கார்ந்திருப்பதை மட்டும் மனது விடவே இல்லை. எங்கள் லைனில் சும்மா நிற்கிற ஆளைப் பார்த்தால் சூப்பர்வைசருக்கு எப்படி இருக்குமோ, அந்தத் தட்டைப் பார்த்தால் எனக்கு அப்படி இருந்தது.

அவள் தினமும் சாயங்காலம் ஒவ்வொன்றையும் எடுத்து அழுத்திப் பார்த்து, முகர்ந்து, சார்ட்டில் படம் வரைந்தாள். நான் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் செருப்பைக் கழற்றாமல் கதவுக்குப் பின்னால் போய் எலி வந்ததா, எறும்பு வந்ததா என்று பார்த்தேன். தொடவில்லை. பார்த்ததோடு சரி.

கண்காட்சிக்கு முந்தின நாள் காலை அவள் எல்லாவற்றையும் ஓர் அட்டைப்பெட்டியில் அடுக்கினாள். "யாரும் தொடாதீங்க" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு கோடை வகுப்புக்குப் போனாள். மனைவி வேலைக்குப் போனாள். எனக்கு அன்று செகண்ட் ஷிஃப்ட். வீட்டில் நானும் பெட்டியும்தான்.

பெட்டியைத் திறந்தேன். அரிசியில் இருந்தவை தளதளவென்று இருந்தன. வைக்கோல் பழத்தின் வாசனை மூக்கில் ஏறியது. பேப்பர் பழமும் மோசமில்லை. தட்டில் இருந்த இரண்டும் கல். மேலே கொஞ்சம் சிவப்பு, மற்றபடி பச்சை. நாளைக்கு ஊரே பார்க்கும். ஹெட்மிஸ்ட்ரஸ் பார்ப்பார். எட்டில் இரண்டு ஃபெயில்.

இந்த இடத்தில் என் கை என்ன செய்யும் என்பது எனக்கே தெரியும். கஸ்டமர் வருவதற்கு முன்னால் கெட்ட சாமானை எடுத்துவிட்டு, அதே அளவில் நல்ல சாமானை அந்த இடத்தில் வைத்து, பெட்டியை நிரப்பி அனுப்புவது என் உத்தியோகம். வருஷக்கணக்காகச் செய்கிறேன். யாரும் குறை சொன்னதில்லை.

அந்த இரண்டில் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் பக்கம் போனேன். தள்ளுவண்டியில் பழம் விற்கும் அம்மாவிடம் எடுத்துக் காட்டினேன்.

"இதே அளவு, இதே ஜாதி. ஆனா பழமா ரெண்டு வேணும்."

அவர் மாங்காயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மாங்காயைக் குடுத்துட்டு மாம்பழம் வாங்கிட்டுப் போலாம்னு வந்தியாண்ணா?"

"இல்லம்மா, இது அளவுக்கு."

"அளவுக்கு ஜாக்கெட்தாண்ணா கொண்டாருவாங்க."

நான் ஒவ்வொரு பழமாக எடுத்து மாங்காயின் பக்கத்தில் வைத்து உயரம் பார்த்தேன், சுற்றளவு பார்த்தேன், அவர் தராசிலேயே ஒரு பக்கம் மாங்காய் ஒரு பக்கம் பழமாக வைத்து எடை பார்த்தேன். தோல் மேல் ஒரு கரும்புள்ளி இருந்தாலும் திருப்பி வைத்தேன்.

"பொண்ணு பாக்க வந்தவங்ககூட இத்தனை நேரம் பாக்க மாட்டாங்க" என்றவர், பக்கத்து வண்டிக்காரரிடம் கன்னடத்தில் என்னவோ சொன்னார். ‘ஹுச்சு’ என்ற சொல் காதில் விழுந்தது. அதற்குக் கிறுக்கு என்று அர்த்தம் தெரிகிற அளவுக்கு எனக்குக் கன்னடம் வரும்.

வீட்டுக்கு வந்து பழம் இரண்டையும் தட்டில் வைத்தேன். பெட்டி நிறைந்தது. டிஸ்பாட்ச் முறைப்படி நான்கு மூலைக்கும் அட்டை கொடுத்து, மேலே டேப் ஒட்டி, எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்று அம்புக்குறியும் போட்டேன். மாங்காய் இரண்டையும் வீணாக்க மனசில்லாமல் காய்கறிக் கூடையில் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். கூடையில் மாங்காயைப் பார்த்தால் தெலுங்கு வீட்டுப் பெண் என்ன செய்வாள்? சாயங்காலம் அதைப் பருப்போடு போட்டு மாங்காய்ப் பப்பு செய்துவிட்டாள்.

கண்காட்சி அன்று ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு, மனைவியும் நானும் போனோம். ஹாலில் ஓர் இரும்புச் சாமானைக்கூடக் காணோம். தன் தெரு நாய்கள் எந்த மொழிக்குக் கட்டுப்படும் என்று ஒரு பெண் பார்த்திருந்தாள். தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி எதற்கும் அவை அசையவில்லை, பிஸ்கட் கவர் சத்தத்துக்கு எல்லாமே வந்தன என்று எழுதி வைத்திருந்தாள். தூங்குவான் என்று சொன்ன அம்மாவின் பையன் நிஜமாகவே தூக்கத்தைத்தான் கொண்டுவந்திருந்தான். நைட் ஷிஃப்ட் முடிந்து பகலில் தூங்குகிற அவன் அப்பா எந்தச் சத்தத்துக்கு எழுந்திருக்கிறார் என்பது ப்ராஜெக்ட். மிக்சிக்கு எழவில்லை, குக்கருக்கு எழவில்லை. கம்பெனி பஸ் ஹாரனுக்கு எழுந்து, கண்ணைத் திறக்காமலே சட்டை மாட்டிக்கொண்டாராம். அந்த அப்பா பக்கத்திலேயே வெட்கத்தோடு நின்றிருந்தார்.

மிஸ்ஸும் ஹெட்மிஸ்ட்ரஸும் எங்கள் மேசைக்கு வந்தார்கள். மகள் டேப்பைப் பிரிக்கவே சிரமப்பட்டாள். "இவ்ளோ டேப் எதுக்குப்பா?" என்று முணுமுணுத்தாள். பிறகு சொல்ல ஆரம்பித்தாள். ஒப்பிக்கவில்லை, பேசினாள். மாமா சொன்னது, அத்தை சொன்னது, அம்மா சொன்னது, எது எந்த நாளில் மெத்தென்று ஆனது. அரிசிதான் முதலில். அத்தை ஜெயித்துவிட்டார்.

"ஆனா இதுங்க எல்லாம் வெயிலுக்குத் தானாவே பழுத்திருக்கும்னு நீங்க கேக்கலாம்" என்றாள். "அதுக்குத்தான் ரெண்டை மட்டும் எதுலயும் வெக்காம சும்மா விட்டேன். ஒரே மரம், ஒரே நாள். இது மட்டும் இன்னும் காயாவே இருக்கும், பாருங்க."

தட்டின் மேலிருந்த பேப்பரை எடுத்தாள். பொன்னிறத்தில் இரண்டு பழம்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

மகள் ஒன்றை எடுத்தாள். முகர்ந்தாள். திருப்பித் தலைப்பக்கம் பார்த்தாள். "இது என் மாங்கா இல்ல மிஸ்" என்றாள்.

"எப்படிச் சொல்றே?"

"மாமா பறிக்கும்போது விரல் நீளத்துக்குக் காம்பு விட்டுத்தான் பறிப்பாரு. பால் வடியக் கூடாதுன்னு. பாருங்க, மத்த எல்லாத்துலயும் காம்பு இருக்கு. இதுல இல்ல."

அளவு பார்த்தேன், எடை பார்த்தேன், புள்ளி பார்த்தேன். காம்பைப் பார்க்கவில்லை.

மகள் பழத்தைக் கீழே வைத்துவிட்டு நேராக என்னைப் பார்த்தாள். "அப்பா."

நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், தராசு உட்பட. ஹெட்மிஸ்ட்ரஸ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதுக்குத்தான் நான் அப்பவே சொன்னேன்" என்று மிஸ்ஸிடம் மெதுவாகச் சொன்னார். "பிள்ளைங்க பண்ணிடுவாங்க. இவங்களாலதான் முடியாது. அடுத்த வருஷம் நாமளே தலைப்பு குடுத்துடலாம்."

மகளின் உதடு கோணியது. வகுப்பு முழுக்க அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. அச்சடித்த படத்துக்குக் கலர் அடிப்பது அவளுக்கு மட்டும் வந்த தண்டனை இல்லை, எல்லோருக்கும். அவள் அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். அழாமல் திரும்பி, "அந்த ரெண்டு மாங்காயும் எங்கப்பா?" என்று கேட்டாள்.

"பப்புல போட்டாச்சு."

"நேத்து சாப்பிட்டமே, அதா?"

"அதான். நீகூட ரெண்டு தடவை வாங்கிப் போட்டுக்கிட்ட."

அவள் கண் பெரிதாகியது. "அம்மா, அது புளிச்சுதுதானே?"

என் மனைவி சமையல் விஷயத்தில் பொய் சொல்லத் தெரியாதவள். "பல்லு கூசற புளிப்பு. அதுக்காகவே மொளகா ரெண்டு சேத்துப் போட்டேன். உங்கப்பாதான் வந்து சட்டியை வழிச்சாரு."

"அப்ப பழுக்கலை மிஸ்" என்றாள் மகள். "பழுத்திருந்தா இனிச்சிருக்கும். மூணு பேரு சாப்பிட்டிருக்கோம். என் ப்ராஜெக்ட் சரியாத்தான் வந்திருக்கு. சாமான்தான் இல்ல."

அறிவியல் மிஸ் சிரித்துவிட்டார். ஹெட்மிஸ்ட்ரஸ் சிரிக்கவில்லை, ஆனால் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். மிஸ் ஒரு ஸ்கெட்ச் பேனாவை எடுத்து மகளிடம் கொடுத்தார். "என்ன தப்பாச்சோ அதையும் சார்ட்ல எழுதணும். எழுது." மகள் சார்ட்டின் அடியில் கொட்டை எழுத்தில் எழுதினாள்: ‘பரிசோதனையைக் கெடுத்தவை: எலி – இல்லை. எறும்பு – இல்லை. அப்பா – ஆம்.’

கடைசியில் பெற்றோரை உட்காரவைத்து ஹெட்மிஸ்ட்ரஸ் கேட்டார். அடுத்த வருஷம் ப்ராஜெக்ட்டை யார் முடிவு பண்ணுவது? டீச்சர்கள் என்று நினைப்பவர்கள் கை தூக்கலாம் என்றார். நிறையக் கைகள் எழுந்தன. பிள்ளைகள் என்றதற்கும் கைகள் எழுந்தன. ஏறக்குறைய சமம்தான். நான் இரண்டுக்கும் தூக்கவில்லை. மகள் பிள்ளைகள் வரிசையிலிருந்து திரும்பி என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதையும் நான்தான் கெடுக்கப் போகிறேனா என்று நினைத்துக்கொண்டே எழுந்து நின்றேன்.

"பிள்ளைங்களே பண்ணட்டும் மேடம்" என்றேன்.

"நீங்களா சொல்றீங்க?"

"ஆமாங்க. நீங்க தலைப்பு குடுத்தா நாங்க செஞ்சுடுவோம். அவங்களே யோசிச்சது எங்களுக்குப் புரியாதுங்க. எனக்குப் புரியலையே, அதாலதானே மாட்டிக்கிட்டேன்." எங்கோ சிரித்தார்கள். "ஆனா ஒண்ணுங்க மேடம். தொடாதீங்கன்னு வாயால சொன்னா எங்களுக்கு ஏறாது. ஒரு மஞ்சள் கோடு போட்டுக் குடுத்துடுங்க."

ஆசிரியர்களுக்குப் புரியவில்லை. ஆனால் ஹாலில் இருந்த கம்பெனி அப்பாக்கள், கம்பெனி அம்மாக்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் தலையை ஆட்டினார்கள். பெயின்ட் ஷாப் அப்பா, "கரெக்ட்டுங்க. கோடு இருந்தா போவ மாட்டோம்" என்றார். முதலில் டீச்சர்களுக்குக் கை தூக்கிய பக்கத்துக்காரர் இப்போது மெல்லப் பிள்ளைகளுக்குத் தூக்கினார். அவருக்குப் பின்னால் இன்னும் சிலர்.

இந்த வருஷம் கோடை வகுப்பின் முதல் நாளே பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைக்கு ஒரு மஞ்சள் டேப் ரோல் கொடுத்து அனுப்பினார்கள். மகள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் தரையைத் துடைத்து, ஸ்கேல் வைத்து, நான்கு பக்கமும் நேராக ஒட்டினாள். என்னைவிட நன்றாகவே ஒட்டினாள். உள்ளே பெரிய பாத்திரம் ஒன்று, மேலே துணி, பக்கத்தில் ஏதோ ஒரு டப்பா. என்ன ப்ராஜெக்ட் என்று சொல்லவில்லை. கேட்டால் கண்காட்சிக்கு வந்து பாருங்கள் என்கிறாள்.

மனைவி சர்வசாதாரணமாக அந்தக் கோட்டைத் தாண்டிப் போய் அங்கே சாத்தியிருக்கும் துடைப்பத்தை எடுத்து வருகிறாள். அவள் ஓர் ஆஸ்பத்திரியில் சமையல் வேலை பார்க்கிறவள், கம்பெனிக்குப் போனவள் இல்லை. "அம்மாவை விடறியே?" என்று கேட்டேன். "அம்மா பாக்கவே மாட்டாங்கப்பா" என்றாள்.

நான் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் கோட்டுக்கு வெளியே போய் நிற்கிறேன். நேற்றுத் துணிக்கடியில் டொப்பென்று ஒரு சத்தம் கேட்டது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை.

"பாப்பா, அது அப்படித்தான் சத்தம் போடணுமா?"

ஹாலிலிருந்து அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள். "கால், அப்பா."

குனிந்து பார்த்தேன். கட்டைவிரல் டேப்பின் மேல் இருந்தது. பின்னால் எடுத்து வைத்தேன்.